நமக்கெதற்கு வம்பு என்று இருக்கலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபி முடிந்து, அம்மாவைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துப்போக லிஃப்டுக்குக் காத்திருந்தேன். எதிர் பிளாக்கில் குடியிருக்கும் பஞ்சாபி அம்மையார், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் ஒரு செய்தித்தாள் துண்டுடன் வந்தார். "பாயி சாஹப், இதைப் பார்த்தீர்களா? இன்று மாலை ஐந்து மணிக்கு இதைப் பற்றிக் கூட்டம். உங்கள் மதராசிக்காரர்கள் ஒருவரும் வருவதேயில்லை. நீங்களாவது வாருங்கள்" என்றார்.

அது ஒரு பொது அறிவிப்பு. பொடி எழுத்தில், பத்திரிகையின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே வெளியானது. எங்கள் குடியிருப்பின் கிழக்கு மதிலை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து வரைபடத்தில் அது குடியிருப்புக்கான பொது வசதிக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். மருந்தகமோ, நூலகமோ, சமூகக்கூடமோ வரும் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த மனையின் நிலப் பயன்பாட்டை 'வணிகம்' என்று மாற்ற உத்தேசம், ஆட்சேபம் உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றது அறிவிப்பு. கெடுவில் பாதி ஏற்கெனவே கழிந்திருந்தது.

மாலை கூட்டத்துக்குப் போனேன். அறுபது பேர் வந்திருந்தார்கள். எங்கள் சொசைட்டியில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள். அன்று அங்கே இருந்த தமிழன் நான் ஒருவனே. நானும் அம்மையார் நேரில் வந்து கேட்டிராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சிதான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் மனைக்கான கெடு முடிந்துவிட்டது. நாளை உங்கள் மதிலுக்குப் பக்கத்திலும் இப்படி ஓர் அறிவிப்பு வரலாம். அப்போது இது உதவினால் போதும்.

கடை வேண்டாம் என்று யார் சொன்னது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கடைகளுக்கும் கடைக்காரர்களுக்கும் நான் எதிரியல்லன். 1979-இல் இருபத்திரண்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு புதுதில்லி ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவன் நான். கரோல் பாகில் ஒரு வீட்டின் மொட்டை மாடி பர்சாத்தியில் நான்கு பேர் சேர்ந்து இருந்தோம். ஒரு மாமி தம் வீட்டுக் கூடத்திலேயே நடத்திய மெஸ்ஸில்தான் இரண்டு வேளைச் சாப்பாடு. அந்த மெஸ்ஸுக்கு எந்த வரைபடம் அனுமதி கொடுத்தது என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டினிதான்.

இன்றைக்கும் எங்கள் வளாகத்தில் ஒரு மாமி தோசை மாவு அரைத்து விற்கிறார். கணவரை இழந்தபின் பெண்ணைப் படிக்க வைத்தது அந்த கிரைண்டர்தான். இரண்டு வீடுகளில் பாட்டு கிளாஸ், ஒரு வீட்டில் பரதநாட்டியம், மாடியில் ஒரு ஆடிட்டர். இவர்களால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. "இதுவும் வியாபாரம்தானே, அதுவும் வியாபாரம்தானே, இதற்கு ஒரு நியாயம், அதற்கு ஒரு நியாயமா?" என்று கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. மாவு வாங்க வருபவர் நடந்து வருகிறார், ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறார். மாமி இரவு ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அதே வீட்டில்தான் தூங்குகிறார். சத்தம் வந்தால் முதலில் அவர் தூக்கம்தான் கெடும். வணிக வளாகத்தின் சொந்தக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் வேறு எங்கோ தூங்குகிறார். ஜெனரேட்டரும், சரக்கு இறக்கும் டெம்போவும், சமையலறைப் புகைபோக்கியும், முந்நூறு கார்களும் நம் ஜன்னலுக்குக் கீழே இருக்கும்.

சட்டமும் இந்த வித்தியாசத்தை அறியாததல்ல. தில்லியில் 2006 செப்டம்பரில் வெளியான கலப்புப் பயன்பாட்டு விதிகளும், 2007 பிப்ரவரி 7-இல் வெளியான மாஸ்டர் பிளான் 2021-உம், டாக்டர், வக்கீல், ஆடிட்டர் போன்றவர்கள் தம் வீட்டின் ஒரு பகுதியில் தொழில் செய்ய இடம் கொடுக்கின்றன. நொய்டா வழக்கில் 2011 டிசம்பர் 5-இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், குடியிருப்பு செக்டர்களில் வங்கிகளும் நர்சிங் ஹோம்களும் நடக்கக் கூடாது என்றது. அதே தீர்ப்பில், டாக்டரும் வக்கீலும் கட்டடக் கலைஞரும் தம் இடத்தில் 30 சதவீதப் பரப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்றும் ஒப்புக்கொண்டது. வீட்டுக்குள் இருக்கும் தொழில் வேறு, வீட்டை விழுங்கும் தொழில் வேறு என்பதுதான் இதன் பொருள்.

பிளான் என்பது வெறும் காகிதமா?

"மாஸ்டர் பிளானா? அதெல்லாம் காகிதத்தில் இருக்கும் சமாசாரம்" என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் அவ்வளவு எளிதாகச் சிரிக்கமாட்டோம்.

1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லியை மஞ்சள் காமாலை ஆட்டிவைத்தது. நஜஃப்கட் வடிகாலின் கழிவு நீர், வஜீராபாதில் குடிநீர் எடுக்கும் இடத்தில் கலந்துவிட்டது. பிரிவினைக்குப் பின் லட்சக்கணக்கான அகதிகள் வந்து சேர்ந்த ஊர், திட்டமில்லாமல் பரவிக்கொண்டிருந்த காலம் அது. 1957-இல் தில்லி வளர்ச்சிச் சட்டம் வந்தது, டி.டி.ஏ. பிறந்தது. 1962-இல் முதல் மாஸ்டர் பிளான் நடைமுறைக்கு வந்தது. அடுத்தது 1990-இல், அதற்கடுத்தது 2007-இல்.

இந்தப் பிளான்கள் கடைகளை மறந்துவிடவில்லை. எத்தனை பேருக்கு எத்தனை கடை என்று ஒரு ஏணியே வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் பிளான் 2021 கணக்குப்படி சுமார் 5,000 பேருக்கு ஒரு சிறு கடைத்தொகுதி, 10,000 பேருக்கு ஒரு உள்ளூர் கடைவீதி, ஒரு லட்சம் பேருக்கு ஒரு சமூக மையம், ஐந்து லட்சம் பேருக்கு ஒரு மாவட்ட மையம். நேரு பிளேசும் பிகாஜி காமா பிளேசும் இப்படி வந்தவைதான். அங்கே சாலையின் அகலம், கழிவுநீர்க் குழாயின் விட்டம், டிரான்ஸ்ஃபார்மரின் சக்தி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் வியாபாரத்துக்கென்றே கணக்கிடப்பட்டவை. எங்கள் தெருவில் கணக்கிடப்பட்டது நூற்றிருபது வீட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும்தான். நிலத்தின் பெயரைக் காகிதத்தில் மாற்றிவிடலாம். பூமிக்கடியில் புதைந்திருக்கும் குழாய் அந்த அறிவிப்பைப் படித்துப் பெரிதாகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. நான் சொசைட்டியில் சேர்ந்து, பிராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கி, மனைவியின் வளையலையும் வைத்து, 1991-இல் குடிவந்தபோது அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் வந்தேன். பக்கத்து மனை பொது வசதிக்கு என்று போட்டிருந்தது. எனக்கும் அரசுக்கும் நடுவே ஒரு வாக்குப் போலத்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன். பிளானை மாற்றவே கூடாது என்பதில்லை. ஊர் வளரும், தேவை மாறும். ஆனால் மாற்றுகிறவர், நம்பி வந்தவனைக் கேட்டுவிட்டு மாற்ற வேண்டும். கேட்கும்போது நம்பி வந்தவனும் வாய் திறக்க வேண்டும்.

கரோல் பாக் கற்றுக்கொடுத்தது

பக்கத்தில் வணிகம் வந்தால் என்ன ஆகும் என்று நான் ஊகத்தில் சொல்லவில்லை. கரோல் பாகில் கண்ணால் பார்த்தேன். நாங்கள் குடியிருந்த தெருவில் 1979-இல் மாலை வேளையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், மார்கழியில் வாசலில் நாலு கோலமாவது இருக்கும். முதலில் ஒரு வீட்டின் தரைத்தளம் துணிக் கிடங்கானது. பிறகு இரண்டு, மூன்று. ஒருவர் வீட்டைக் கெஸ்ட் ஹவுஸாக்கினார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. "பாவம், பிழைப்புக்குச் செய்கிறார்" என்றுதான் சொன்னோம்.

எங்கள் வீட்டுக்காரர், லாகூரிலிருந்து வந்த பெரியவர், எங்களைப் பிள்ளைகளைப் போல நடத்தியவர். ஒருநாள் மாலை ஏழு மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி. டாக்ஸி தெருமுனை வரைதான் வந்தது. உள்ளே சரக்கு இறக்கும் டெம்போ குறுக்கே நின்றது, அதற்குப் பின்னால் ஸ்கூட்டர்கள். பெரியவரை மர நாற்காலியில் உட்காரவைத்து நாங்கள் நான்கு பேரும் தூக்கிக்கொண்டு பெரிய சாலைவரை ஓடினோம். பிழைத்துக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போய்விட்டார். வாங்கியவர் கெஸ்ட் ஹவுஸ் கட்டினார். நாங்களும் பெட்டியைத் தூக்கினோம். அந்தத் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் ஒவ்வொன்றாக யமுனைக்குக் கிழக்கேயும் மேற்கு தில்லிக்கும் பெயர்ந்தன.

2019 பிப்ரவரி 12 விடியற்காலை கரோல் பாகில் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்து 17 பேர் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில், குடியிருப்பாக எழுந்த பகுதியில் மண்டிக்கிடக்கும் பயிற்சி நிலையங்களில் ஒன்றின் நிலவறை நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று இளம்பிள்ளைகள் இறந்தார்கள். சாமான் வைக்கவும் வண்டி நிறுத்தவும் அனுமதித்த நிலவறை அது. ஐ.ஏ.எஸ். கனவோடு நம் ஊரிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் அந்தத் தெருக்களுக்கு வந்து தங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஓர் இடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கு அல்லாமல் வேறொன்றுக்குப் பயன்படும்போது ஆபத்தும் கூடவே குடிவருகிறது.

கடைக்காரர்களுக்காவது இதில் நன்மை உண்டா என்றால், அதுவும் இல்லை. 2006 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்புப் பகுதிகளில் நடக்கும் வணிகத்துக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. மார்ச் இறுதியில் சீல் வைக்கும் வேலை தொடங்கியது. இருபது வருடம் வரி கட்டிக் கடை நடத்தியவர்கள் ஷட்டரில் அரக்கு முத்திரையைப் பார்த்து நடுத்தெருவில் நின்று அழுதார்கள். செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த கிளர்ச்சியில் உயிர்களே போயின. அந்த மாதமே 2,183 தெருக்களை வணிகத்துக்கும் கலப்புப் பயன்பாட்டுக்கும் என்று அறிவித்து அரசு நிலைமையைச் சமாளித்தது. 2017 டிசம்பரில் மறுபடியும் சீல். முதலில் கண்ணை மூடிக்கொண்டு வளரவிடுவது, பிறகு வெட்டுவது, பிறகு வெட்டியதை ஒட்டுவது. இதில் குடியிருந்தவனும் கெட்டான், கடை வைத்தவனும் கெட்டான். ஆரம்பத்திலேயே சரியான இடத்தைக் காட்டியிருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள்.

நம்மவர் சொன்ன மூன்று பதில்கள்

கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து நாற்பது வீட்டுக் கதவையும் தட்டினேன். காபி எல்லா வீட்டிலும் கிடைத்தது. கையெழுத்துக் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கிடைத்த பதில்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் பதில்: "சார், வணிகம் வந்தால் நம் பிளாட்டின் விலை ஏறும். வலிய வரும் லட்சுமியை வேண்டாம் என்பீர்களா?" விலை ஏறலாம், மறுக்கவில்லை. யாருக்கு ஏறும் என்று பாருங்கள். சாலையைப் பார்த்த நாலு பேருக்கு ஏறும். பின்பக்கம், சரக்கு இறங்கும் வாசலைப் பார்த்திருக்கும் முப்பது பேரிடம் வாடகைக்கு வரும் குடும்பம் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஏறிய விலையும் விற்றால்தான் பணம். விற்காமல் குடியிருப்பவனுக்கு அது வெறும் கணக்கு. அவன் நிதம் அனுபவிப்பது தண்ணீர் அழுத்தம் குறைவதையும் தூக்கம் கெடுவதையும்தான்.

இரண்டாவது பதில்: "நாம் என்ன இந்த ஊரா? ரிட்டயரானால் தாம்பரமோ கோயம்புத்தூரோ. இவர்கள் ஊர்ச் சண்டை இவர்களுக்கு." இதைச் சொன்னவர் ரிட்டயராகிப் பதினோரு வருடமாகிறது. இன்னும் இங்கேதான் இருக்கிறார், ஏனென்றால் பேரன் இங்கே படிக்கிறான். நம்மில் எத்தனை பேர் உண்மையில் திரும்பிப் போனோம்? போனவர்களில் சிலர் தாம்பரத்து வெயிலும் தனிமையும் தாங்காமல் திரும்பியும் வந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு ஹிந்தியில்தான் கனவு வருகிறது. பொங்கல் வைக்க இந்த ஊர் வேண்டும், கோயில் கட்ட இந்த ஊர் வேண்டும், ரேஷன் கார்டும் ஓட்டும் இந்த ஊரில் வேண்டும். ஒரு கடுதாசி எழுத மட்டும் நாம் வெளியூரா?

சொல்லப்போனால் மற்றவர்களைவிட நமக்குத்தான் இது அதிகம் முக்கியம். பஞ்சாபி நண்பருக்கு இந்த ஊரிலேயே மாமன், மச்சான் வீடு பத்து இருக்கும். இடம் பிடிக்காவிட்டால் ஒரு மாதம் அங்கே போவார். நமக்குச் சொந்தபந்தம் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. மாலையில் அந்தச் சந்தில் நடக்கும்போது எதிர்ப்படும் நாலு முகம்தான் இங்கே நமக்கு உறவு. என் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. ஹிந்தி வராது. கிழக்கு மதிலோரம் உள்ள சிமெண்டு பெஞ்சில் தினமும் ஐந்தரை மணிக்கு மூன்று பாட்டிகள் கூடுவார்கள். அவருடைய தில்லி அவ்வளவுதான். உத்தேச வரைபடத்தில் வாகன நுழைவாயில் வருவது சரியாக அந்த பெஞ்சுக்கு எதிரே.

மூன்றாவது பதில்: "எழுதினால் மட்டும் கேட்டுவிடுவார்களா? எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்." இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் பெங்களூர்க் கதை ஒன்று இருக்கிறது. அங்கே ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, அரசாங்கமே தலையிட்டு, ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கிக் கொடுத்தது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். முதலில் தோற்றார்கள். மேல்முறையீட்டில் வென்றார்கள். 1991 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. பூங்காவை நம்பி வாழ்பவர்களுக்கு அதைக் காக்க வழக்குப் போடும் உரிமை உண்டு என்று தெளிவாகச் சொன்னது. எதிரே நின்றது மதுக்கடையல்ல, மருத்துவமனை. நல்ல காரியம்தான். ஆனாலும் நல்ல காரியத்துக்கும் அதற்குரிய இடம் உண்டு என்றது நீதிமன்றம்.

நம் தில்லியிலேயே 2018-இல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். சீல் வைப்பதிலிருந்து கடைகளைக் காக்க மாஸ்டர் பிளானில் திருத்தம் செய்ய முனைந்தார்கள். ஆட்சேபம் சொல்லப் பொதுமக்களுக்குக் கொடுத்த அவகாசம் மூன்றே நாள். மார்ச் 6-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்த வேலைக்குத் தடை போட்டது. பிறகு மே மாதம், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து மக்களின் கருத்தைக் கேட்கும்படி வைத்தது. ஆட்சேபக் கடிதம் வெறும் சடங்கு என்றால் அதற்குரிய நாட்களைக் குறைக்க ஏன் அவ்வளவு அவசரம்?

என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

தில்லி வளர்ச்சிச் சட்டத்தின் 11-ஏ பிரிவின்படி, பிளானில் மாற்றம் செய்யுமுன் பொது அறிவிப்பு கொடுத்து, வந்த ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலிக்க வேண்டும். அவற்றை விசாரிக்க ஒரு குழுவும் உண்டு. 2021 ஜூனில் மாஸ்டர் பிளான் 2041-இன் வரைவை வெளியிட்டபோது முப்பதாயிரத்துக்கும் மேல் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. வேறு மாநிலங்களிலும் இதே போன்ற சட்டம் உண்டு. பெயரும் கெடுவும்தான் மாறும். எங்கள் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்துப் போடுவதைவிட நூறு கடிதம் மேல். பெயர், முகவரி, அறிவிப்பின் தேதி, எண் எல்லாம் இருக்க வேண்டும். கோபத்தை விட்டுவிட்டுக் கணக்கை எழுதுங்கள். சாலை எத்தனை மீட்டர் அகலம்? நாமே நாடாப் பிடித்து அளக்கலாம். மாலை ஆறு மணிக்கு எத்தனை வண்டிகள் நிற்கின்றன? ஒரு வாரம் எண்ணலாம். குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வருகிறது? அரை கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே உள்ள கடைத்தொகுதியில் எத்தனை கடை பூட்டிக்கிடக்கிறது? நாங்கள் எண்ணினோம், முப்பத்திரண்டில் ஒன்பது. இருக்கும் கடையே நிரம்பாதபோது புதிய வணிக மனை எதற்கு என்ற கேள்விக்கு அந்த ஒன்பது பூட்டைவிட நல்ல சாட்சி இல்லை.

வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், என்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நாங்கள் ஒரு மருந்தகமும், மாலையில் முதியோர் உட்கார ஒரு கூடமும், பிள்ளைகளுக்குப் படிக்கும் அறையும் கேட்டிருக்கிறோம். நேரில் பேச வாய்ப்புக் கேட்பதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஹிந்தி சரளமாக வராது என்று கூச்சப்பட வேண்டாம். ஆங்கிலத்தில் நாலு வரி போதும். நாற்பது வருடம் அரசாங்கத்தில் நோட் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஊராரின் கோப்பையெல்லாம் எழுதினோம். நம் வீட்டுக்காக ஒரு பக்கம் எழுதக் கை வராதா?

கடைசியில் நாற்பதில் இருபத்தாறு குடும்பங்கள் கடிதம் கொடுத்தன. மூன்றாம் மாடி நண்பர் கொடுக்கவில்லை. அவரும் நானும் ஒரே பர்சாத்தியில் இருந்தவர்கள். அவர் மகனுக்கு வேலை போய் ஒரு வருடமாகிறது. அந்த வளாகத்தில் சின்னதாக ஓர் உணவகம் போட இடம் பிடிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். "உனக்கு பெஞ்சு, எனக்குப் பிள்ளையின் பிழைப்பு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் பேசாமல் இருந்தோம்.

கெடுவுக்கு முந்தின நாள் இரவு அவரே ஒரு உறையோடு வந்தார். வணிகம் வரட்டும், ஆனால் தரைத்தளக் கடைகள் மட்டும். சரக்கு வாசல் பெரிய சாலைப் பக்கம். இரவு பத்து மணிக்கு மூட வேண்டும். வண்டிகள் மனைக்கு உள்ளேயே நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். என் கடிதத்துக்கு நேர் எதிரானது அது. ஆனால் யோசித்து எழுதியது. மறுநாள் காலை இரண்டு உறையையும் நானே எடுத்துப்போய் பதிவுத் தபாலில் சேர்த்தேன். இரண்டு ரசீதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.

இன்னும் விசாரணைக்கு அழைப்பு வரவில்லை. முடிவு எப்படி இருக்கும் என்று சொல்ல நான் ஜோசியன் அல்லன். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து பதினான்கு பேர் போனோம். தலைமையாசிரியை அம்மையார் எண்ணிப் பார்த்துவிட்டு, "அடடே, இத்தனை பேர் இருக்கிறீர்களா!" என்றார். இத்தனை வருடம் இருந்திருக்கிறோம் அம்மா, என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

உங்கள் காலனியின் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உள்ள காலி இடம் எதற்கென்று எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவிப்பு வந்தால் படியுங்கள். ஆதரவோ எதிர்ப்போ, உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள். கூட்டம் என்றால் ஒருவராவது போய் உட்காருங்கள்.